டெமோ ரூம் துணியைக் கழற்றாதீர்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து முதலாளியிடம் ஒரு கோரிக்கை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். டெமோ ரூமில் சுவரை மறைத்துத் தொங்கும் துணி பார்க்கச் சகிக்கவில்லையாம். என்ன கலர் என்றே சொல்ல முடியவில்லையாம். அதைக் கழற்றிவிட்டு வால்பேப்பர் ஒட்டினால் ரீல்ஸ் எடுக்க வசதியாக இருக்குமாம். நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு தீபாவளிகூட வரவில்லை, அதற்குள் இப்படி. முதலாளி என்னைப் போனில் அழைத்து, "நீயே வந்து சொல்லிரு அம்மணி, நாஞ் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார். அதனால்தான் வந்திருக்கிறேன். டீ வருகிறபோது வரட்டும், ஆரம்பித்துவிடுகிறேன்.

கலர் விஷயத்தில் உங்கள்மேல் தப்பில்லை. அந்தத் துணிக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் கேட்டது பழுத்த கொய்யாவின் உள்பக்க நிறம். சாயப்பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தது, டியூப்லைட்டில் பார்த்தால், செங்கல் தூளைக் கரைத்த நிறம். ஆனால் அந்தத் துணி தொங்குவதால்தான் இந்தக் கடையில் ஸ்பீக்கர் விற்கிறவர்கள் பொய் சொல்லாமல் பிழைக்க முடிகிறது. எப்படி என்று சொல்கிறேன். கேட்ட பிறகும் வால்பேப்பர்தான் வேண்டும் என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடிக்கிற வேலை. என் கண்ணில் எதுவும் தப்பாது என்கிற திமிர் அங்கே வந்தது. இங்கே ஸ்பீக்கர் செக்‌ஷனில் பத்து வருஷம் ஓட்டியதில் காதுக்கும் அதே திமிர் வந்துவிட்டது. இரண்டு திமிரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராயபுரத்தில் ஒரு வீட்டு ஹாலில் இறங்கின.

ஏழெட்டு வருஷம் இருக்கும். கந்தசாமி என்று ஒரு சின்னப் பனியன் கம்பெனிக்காரர் ஒரு திங்கட்கிழமை மனைவி ராஜாமணி அக்காவோடு கடைக்கு வந்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மூலனூரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் படியேறி உள்ளே வரும்போது ஹாலில் நாதஸ்வரம் மெல்ல ஒலிக்க வேண்டும், பத்தாயிரத்துக்குள் நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் என்றார். மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கேட்காத வீடு என்று மகள் கேலி செய்திருக்கிறாள். கல்யாணமாகிப் போகப்போகிற பெண் அப்படிச் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

நான் வழக்கம்போல வாட்ஸ் எத்தனை, ப்ளூடூத் உண்டா, ரிமோட் உண்டா என்று ஒப்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. ஸ்பீக்கரை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். முன்பக்கத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, பாலியஸ்டர்தான், நூற்றி இருபது ஜிஎஸ்எம் தாண்டாது என்றார். துணியின் கனத்தைச் சொல்கிற கணக்கு அது, இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு துவைத்தால் சுருங்குமா என்று கேட்டார். ஸ்பீக்கரைத் துவைக்கக் கூடாதுங்கண்ணா என்றேன். அப்படியானால் அதை லேபிளில் போட்டிருக்க வேண்டாமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அந்த மனிதரை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷமாகச் சாம்பிள் தைத்து அனுப்பிவிட்டு, வாங்குகிற வெளிநாட்டுப் பையர் என்ன குறை சொல்வானோ என்று காத்திருந்தவர். வாழ்க்கையில் முதல்முறையாக அவரே பையர் ஆகியிருக்கிறார், விடுவாரா? சாம்பிள் முதலில் வீட்டுக்கு வர வேண்டும், கேட்டுவிட்டு அப்ரூவல் தருவேன், டெலிவரி அந்தச் சாம்பிளைப் போலவே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். இருப்பதே ஒரு ஜோடிதான், இதில் சாம்பிள் தனி, சரக்குத் தனியா என்று நான் கேட்டதற்கு ராஜாமணி அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார்: "ஊட்டுல மொதத் தோசையவே இன்னும் சாம்பிளுன்னுதானுங்க சொல்லுவாரு."

செவ்வாய்க்கிழமை ஜோடியை எடுத்துக்கொண்டு போனேன். புது வீடு, நல்ல பெரிய ஹால். ஆனால் ஹால் தெரியவில்லை. ஓர் ஆர்டர் துணி அப்ரூவல் வராமல் நின்றுபோயிருந்தது, கம்பெனிக் கூரை மழைக்கு ஒழுகியது, அதனால் ரோல்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து நாலு சுவரோரமும் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் பாட்டில் பச்சை. நாற்காலி போட இடமில்லாமல் நானும் ஒரு ரோல்மேல்தான் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்களும் ரோல்மேல்தான் உட்கார்ந்தன.

நாதஸ்வரம் போட்டோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த விலை ஸ்பீக்கரில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. கந்தசாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு முழுக்க அசையாமல் இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து, துணிச் சாம்பிளில் கட்டுகிற அட்டை இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் "அப்ரூவ்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் நூலால் கட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் துணிக்கு அப்ரூவல் வந்துவிடும், ரோல் ஏற்ற ஆட்கள் வருவார்கள், மிதித்துவிடுவார்கள், அதுவரை கடையில் இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டு ஒட்டி, ஒட்டிய டேப்பின்மேலும் ஒரு கையெழுத்து.

எனக்கு ஒரே பெருமை. பட்ஜெட் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் இந்த ஊரில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் டெலிவரி கொண்டுபோனோம். ஹால் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், திரைச்சீலை துவைக்கப் போயிருந்தது. கந்தசாமி அண்ணன் டேப்பில் தன் கையெழுத்தைச் சரிபார்த்தார், பெட்டியைப் பிரித்தார், அட்டைகளைச் சரிபார்த்தார். நான் அதே நாதஸ்வரத்தைப் போட்டேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன். ஒரு நாதஸ்வரத்துக்கு நாலு நாதஸ்வரம் ஒன்றோடொன்று சண்டை போட்டன. தவில் ஒரு அடி அடித்தால் சுவருக்குச் சுவர் போய் மூன்றாகத் திரும்பி வந்தது. ராஜாமணி அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, யாராவது பாத்திரத்தைப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

கந்தசாமி அண்ணன் எழுந்து, ஸ்பீக்கரைத் தூக்கி எடை பார்த்தார். துணியைத் தேய்த்துப் பார்த்தார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து என்னோடதுதானுங்க. சத்தம்தான் நாங் கையெழுத்துப் போட்டது இல்லீங்க. உள்ளுக்குள்ள மால் மாத்திட்டீங்களா அம்மணி?"

உங்களில் யாருக்காவது யாராவது திருட்டுப் பட்டம் கட்டியிருக்கிறார்களா? உடம்பெல்லாம் எரியும். அந்த எரிச்சலில் மூளை நின்றுவிடும், வாய் மட்டும் ஓடும். என் வாய் ஓடியது. வயர் சரியில்லை என்றேன், வேறு வயர் மாட்டினேன், அதே கத்தல். கரண்டு குறைவாக வருகிறது என்றேன், ஃபேனைக் காட்டினார், ஃபேன் நன்றாகச் சுற்றியது. கடைசியில் நம் தொழிலில் எல்லோரும் சொல்கிற அந்தப் பெரிய பொய்யைச் சொன்னேன். புது ஸ்பீக்கர் இப்படித்தான் இருக்கும், பத்து நாள் ஓடினால் பழகிவிடும் என்றேன்.

அவர் சிரித்தேவிட்டார். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை. "ரெண்டு தண்ணி பட்டாக் கலர் செட்டாயிருமுன்னு நானும் பையர்கிட்டச் சொல்லுவனுங்க. முப்பது வருசமா நாஞ் சொன்னதையெல்லாம் நீங்க எனக்கே திருப்பிச் சொல்றீங்களே" என்றார்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவேயில்லை, அதைவிடப் பெரிய ஜோடி ஒன்றை வண்டியில் ஏற்றி அனுப்பினார். நாளைக்கு அந்த நிச்சயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள், நம் கடையில் மால் மாற்றினார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அப்புறம் கடையைத் திறந்து பிரயோஜனமில்லை, அப்படி ஏதாவது ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நீ மிக்ஸி செக்‌ஷன் என்று சொல்லிவிட்டு வைத்தார். மிக்ஸி செக்‌ஷன் என்றால் உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்கக் காலி ஜாரைச் சுற்றிக்காட்ட வேண்டும். என் காதுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பெரிய ஜோடி வந்தது. மாட்டினோம். முன்னது கத்தியதையே இது இன்னும் பெரிய தொண்டையில் கத்தியது. ஜன்னல் கண்ணாடி வேறு சேர்ந்து பாடியது. அதற்குள் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, நாதஸ்வரம் வேண்டாம்ப்பா, சும்மாவே இருக்கட்டும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அண்ணன் முகம் வாடியதைப் பார்த்தபோது மிக்ஸி செக்‌ஷன் எனக்கு மறந்தே போய்விட்டது. பொண்ணு போகிற வீட்டுக்காரர்கள் முன்னால் ஒரே ஒரு விஷயம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

அப்போதுதான், பத்து வருஷத்தில் முதல்முறையாக, ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியலீங்ணா. சத்தியமா என்னன்னே தெரியலீங்க."

சொல்லிவிட்டு உட்காரப் போனேன். உட்கார ஒன்றும் இல்லை. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு இங்கே எதன்மேலோ உட்கார்ந்தோமே என்று நினைத்தேன். பாட்டில் பச்சை. ரோல்.

அந்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பன்னிரண்டு வருஷம் துணிக்குள்ளேயே கிடந்தவள் நான். கட்டிங் ஹாலில் துணி வந்து குவிந்திருக்கிற அன்றைக்குப் பேச்சு எப்படி அடங்கிக் கேட்கும், துணி தீர்ந்த அன்றைக்கு ஹால் எப்படி அதிரும் என்று எனக்குத் தெரியாதா? கையைத் தட்டிப் பார்த்தேன். கைதட்டல் எதிர்ச்சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கந்தசாமி அண்ணன் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஸ்பீக்கர் மாறவில்லை, ஹால்தான் மாறிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். அவர் அப்ரூவல் கொடுத்தது ஸ்பீக்கருக்கு மட்டும் இல்லை, ஸ்பீக்கருக்கும் துணிக்கும் சேர்த்து. துணிக்காரருக்குத் துணிக் கணக்கு உடனே புரிந்தது. பச்சை ரோல்களைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே கட்டிங்குக்குப் போய் பாதி சட்டையாகிவிட்டது என்றார். வேறு துணி இருக்கிறதா என்றேன். இல்லை என்று சட்டென்று சொன்னார்.

ராஜாமணி அக்கா கதவருகில் நின்று, மாடியில் தண்ணீர்த் தொட்டி அறையில் தார்ப்பாய் போட்டு மூடி ஒன்பது ரோல் கிடக்கிறதே, அது ஆகாதா என்று கேட்டார்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. அந்த ஒன்பது ரோலும் இரண்டு வருஷம் முன்பு, கேட்ட கொய்யா ஷேடு சரியில்லை என்று பையர் ரிஜெக்ட் செய்தது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சரியான ஷேடுதான், டியூப்லைட்டில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டான் என்பது அவர் கட்சி. விற்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை, மூடிப் போட்டுவிட்டார். அதை எப்படி நாளைக்கு நடு ஹாலில் காட்டுவது? வருகிறவர்கள் எல்லாம் துணியைத் தொட்டாலே ஜாதகம் சொல்கிறவர்கள். ரிஜெக்ட் ஆன துணியை மாட்டி மகளுக்கு நிச்சயம் செய்தான் என்று பேச மாட்டார்களா என்று கேட்டார்.

அக்கா அவர் முன்னால் வந்து நின்றார். "சத்தம் நல்லாருக்கோணுமா, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தஞ் சொன்னது நல்லாருக்கோணுமா? ஒண்ணச் சொல்லுங்க."

ஒரே ஒரு ரோல் மட்டும், அதுவும் மூலையில், என்றார் அண்ணன். இறக்கி வைத்தோம், சின்ன ஜோடியையே திரும்ப மாட்டினோம். நாதஸ்வரம் போட்டேன். நாலு நாதஸ்வரம் மூன்றானது. இன்னொன்று இறக்குங்கள் என்றார். பிறகு இன்னும் இரண்டு. அக்கா இரண்டு ரோலைப் பிரித்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவர் முழுக்கத் துணியை நெருக்கமாக மடிப்பு வைத்துத் தொங்கவிட்டார். தரையில் ஜமுக்காளம் போட்டு, அதற்கு அடியில் நாலு மடிப்பாகத் துணியை விரித்தார். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஒன்பதாவது ரோல் வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு நாதஸ்வரம்தான் இருந்தது. மூச்சு வாங்குவதும் கேட்டது.

அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் பெரிய ஜோடியைக் காட்டி, இதைத் திருப்பி எடுத்துப் போங்கள், சின்னதே போதும் என்றார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் மூன்று தடவை சொன்னார், அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். வேலைக்காக இல்லை, எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் படியேறும்போது நாதஸ்வரம் ஒலித்தது, மாப்பிள்ளை நிமிர்ந்து ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தேடினார். அதற்குள் பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் நேராக எதிர்ச்சுவருக்குப் போய், துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். கந்தசாமி அண்ணன் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். வந்தவர் துணியை ஜன்னல் பக்கம் இழுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார், நல்ல கலராக இருக்கிறதே, எந்தப் பட்டறையில் சாயம் போட்டீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா, தங்கள் வீட்டுத் திரைச்சீலைக்கும் இதே துணி வேண்டும் என்றார். அண்ணன் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இப்போது உங்கள் டெமோ ரூமுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அங்கே சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, தரையெல்லாம் கார்ப்பெட். எந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் தேவலோகம். வாங்கிப் போனவர்கள் டைல்ஸ் போட்ட ஹாலில் மாட்டிவிட்டு, அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். நாங்கள் பத்து நாள் பொய்யைச் சொல்லி அனுப்புவோம். நிச்சயம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை கந்தசாமி அண்ணன் ஒரு ரோலைத் தோளில் சுமந்துகொண்டு நேரே கடைக்குள் வந்தார். இதை உங்கள் ரூமில் மாட்டுங்கள், ஆனால் திரைபோல ஓரமாகத் தள்ள முடிகிற மாதிரி மாட்டுங்கள் என்றார். முதலாளி முதலில் முறைத்தார். ஸ்பாஞ்சைக் கழற்ற நான் பட்ட பாடு தனிக்கதை.

அன்றிலிருந்து வழக்கம் இதுதான். வாங்க வருகிறவர் முன்னால் முதலில் துணியை ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெறும் சுவரில் ஸ்பீக்கர் எப்படிக் கத்தும் என்பதைக் கேட்கட்டும், அவர் முகம் சுளிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். பிறகு துணியை இழுத்து மூடிவிட்டு அதே பாட்டைப் போடுங்கள். உங்கள் வீட்டு ஹாலில் என்னென்ன இருக்கிறது, திரைச்சீலை உண்டா, கட்டில் மெத்தை உண்டா, டைல்ஸா என்று அப்புறம் கேளுங்கள். பெரிய ஸ்பீக்கரைத் தலையில் கட்டுவதைவிட ஜமுக்காளம் ஒன்று வாங்கச் சொல்வது நல்லது என்றால் அதையே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஆரம்பத்தில் விற்பனை குறைந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வருகிறவர்கள் நின்றுபோனார்கள், நானும் மிக்ஸி செக்‌ஷனுக்குப் போகாமலேயே ஓய்வு பெற்றேன்.

இன்னும் ஒன்று. கீழே வலது ஓரத்தில், மடிப்புக்கு உட்பக்கம், அந்தத் துணியில் ஓர் அட்டை கட்டியிருக்கிறது. ரோலைக் கொண்டுவந்த அன்றைக்கு அவரே எழுதிக் கட்டியது. முப்பது வருஷம் அடுத்தவன் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்த மனிதர், தன் சரக்குக்குத் தானே போட்ட ஒரே கையெழுத்து அது. "ஷேடு ஓகே. அப்ரூவ்டு. கந்தசாமி" என்று இருக்கும். வால்பேப்பர் ஒட்ட ஆசைப்படுகிறவர் முதலில் போய் அதைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குள் டீ வந்துவிடும்.